செங்கோட்டை முதல் பூந்தமல்லி வரை

ஒருவன் மற்றொருவனைக் கொல்லுகின்றான். காணிக்காகக் கொன்றாலும், பழைய பகையினாற் கொன்றாலும், தான் தழுவிய கொள்கையொன்றின் பொருட்டுக் கொன்றாலும் மாண்டவர் மீள்வதில்லை. அங்ஙனமாயின் கொள்கையின் பேரால் நிகழும் கொலைக்கு மட்டும் சட்டம் தனிப் பெயரொன்று சூட்டுதல் வேண்டுமா? அதனைக் கொலை என்று விசாரிப்பதா, பயங்கரவாதம் என்று விசாரிப்பதா? வெறும் சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இவ்வினாவின் விடையில் மனிதர் பலரின் உயிரும் ஆயுளும் தங்கியிருந்தன என்பதனை அயல்நாடாகிய இந்தியாவின் இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. ஒன்று டில்லிச் செங்கோட்டையில் நடைபெற்றது. மற்றது சென்னைக்கு அணித்தாயுள்ள பூந்தமல்லியில் நடைபெற்றது.

செங்கோட்டைக்குச் செல்லுமுன் 1919ஆம் ஆண்டிற்குச் சற்றே செல்லுதல் நலம். சிட்னி ரௌலட் என்னும் ஆங்கில நீதிபதியின் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. ரௌலட் சட்டம் என்று நாம் பாடநூல்களிற் படிக்கும் அதன் உண்மைப் பெயர் அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம் என்பதாகும். கொள்கையின் பேரால் நிகழும் குற்றத்தை ஏனைக் குற்றங்களினின்றும் பிரித்து வைத்தலே அதன் நோக்கம். அத்தகைய வழக்கை மூன்று நீதிபதிகள் யூரர் இன்றி விசாரிப்பர். தீர்ப்பின்மேல் முறையீடு இல்லை. விசாரணையின்றியே ஒருவரைக் காவலில் வைக்கவும் அதிகாரம் உண்டு. இதனை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்பை ஏப்பிரல் 6ஆந் திகதி நடத்தியவர் காந்தியடிகள். அடுத்த வாரத்தில், 13ஆந் திகதி, அமிருதசரசில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. சட்டம் 1922இல் நீக்கப்பட்டது.

இருபத்தொன்பது ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி மாலை, பிர்லா மாளிகையின் புற்றரையிற் பிரார்த்தனைக்குச் சென்றுகொண்டிருந்த அக்காந்தியடிகளின் மார்பிலும் வயிற்றிலும் மூன்று குண்டுகள் பாய்ந்தன. சுட்டவன் நாதுராம் கோட்சே. பூனாவில் ஒரு பத்திரிகையின் ஆசிரியனாய் இருந்தவன். சொந்தப் பகை எதுவும் அவனுக்கு இல்லை. பாகிஸ்தானுக்குச் சேரவேண்டிய ஐம்பத்தைந்து கோடி ரூபாயை இந்தியா கொடுக்க நேர்ந்ததும், நாட்டுப் பிரிவினையும், காந்தியடிகள் முஸ்லிம்களிடம் காட்டிய பரிவும் தன்னைத் தூண்டின என்று அவனே கூறினான். கொள்கையின் பேரால் நிகழ்ந்த கொலைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் அவன்மீதும் அவனுடன் நிறுத்தப்பட்ட எழுவர்மீதும் சுமத்தப்பட்ட குற்றங்கள் இந்தியத் தண்டனைக் கோவையிற் கண்ட கொலையும் கொலைச் சதியும், அவற்றோடு வெடிபொருள், துப்பாக்கி பற்றிய பழைய சட்டங்களின்கீழ் வந்த சில குற்றங்களுமே. நீதிமன்று சிறப்பு நீதிமன்றுதான். ஆத்ம சரண் என்னும் நீதிபதி ஒருவரே விசாரித்தார். ஆனாற் சான்று பற்றிய விதிகள் சாதாரண விதிகளாகவே இருந்தன. பொலிசாரிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நாட்டுதல் ஆகாது என்ற 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் விதி தேசத் தந்தையைக் கொன்றவனுக்கும் பொருந்தியது. துக்கத்தினாலும் சினத்தினாலும் கொந்தளித்த ஒரு நாடு, விடுதலை பெற்று ஓராண்டும் நிரம்பாத நிலையில், இந்த வரம்பைக் கடவாது நின்றது சிறிய காரியம் அன்று.

அரச தரப்பிற் சாட்சிகள் நூற்று நாற்பத்தொன்பதின்மர். 1948 நவம்பர் 8ஆந் திகதி கோட்சே தன் நீண்ட கூற்றை மன்றில் வாசித்தான். சட்டத்தின் பார்வையில் அது பெரும்பாலும் பயனற்ற பேச்சு. கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதே கொலைக் குற்றத்திற்கு வேண்டிய வினா. அவ்வெண்ணத்தைப் பிறப்பித்த காரணம் உயர்ந்ததா இழிந்ததா என்பது அன்று. ஆதலின் கேட்டோர் சிலர் கண்ணீர் விட்டபோதும் தீர்ப்பு அசையவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த மூவரில் ஒருவரான நீதியரசர் கோஸ்லா, அம்முறையீட்டின்போது மன்றில் அமர்ந்திருந்த மக்களிடம் தீர்ப்பை விட்டிருந்தால் அவர்கள் அவனைக் குற்றவாளியல்லன் என்றே கூறியிருப்பர் என்ற கருத்தைப் பிற்காலத்தில் எழுதினார். கொலைக் குற்றம் என்னும் எளிய பெயர் இவ்விடத்தில் ஒரு காவலாயிற்று என்பது எமது எண்ணம். கொள்கையே குற்றத்தின் உறுப்பாக்கப்பட்டிருந்தால் அக்கொள்கையைப் பற்றிய வாதமே வழக்காய் முடிந்திருக்கும். குற்றவாளிக் கூண்டு ஒரு மேடையாகியிருக்கும். அரசு அக்கூற்றை வெளியிடத் தடை விதித்தது வேறு செய்தி.

1949 பெப்ரவரி 10ஆந் திகதி கோட்சேக்கும் நாராயண ஆப்தேக்கும் தூக்குத் தண்டனையும், ஐவருக்கு ஆயுட்காலத் தண்டனையும் விதிக்கப்பட்டன. விநாயக தாமோதர சாவர்க்கர் விடுவிக்கப்பட்டார். அவருக்கு எதிராக நின்றது, குற்றத்திற் பங்குகொண்டு பின் அரச தரப்புச் சாட்சியாக மாறிய பாட்கே என்பவனின் சொல். உடந்தையாளன் ஒருவனின் சொல்லை வேறு சான்றின் துணையின்றி நம்பித் தண்டித்தல் தகாது என்று நீதிபதி கொண்டார். சிம்லாவில் நடந்த மேல்முறையீட்டில் மேலும் இருவர் விடுதலை பெற்றனர். அவருள் ஒருவர் குவாலியரைச் சேர்ந்த மருத்துவர் பர்ச்சுரே. இவர் குற்ற ஒப்புதல் அளித்திருந்தார்; அதுவும் பொலிசாரிடம் அன்று, ஒரு நீதவானிடம். பின்னர் அதனை மறுத்தார். அவ்வொப்புதலைக் கொண்டு அவரைத் தண்டிப்பதற்கில்லை என்று மூன்று நீதியரசரும் முடிவு செய்தனர். கோட்சேயும் ஆப்தேயும் 1949 நவம்பர் 15ஆந் திகதி அம்பாலாச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். காந்தியடிகளின் மைந்தர் இருவர் அவர்களுக்காகக் கருணை வேண்டியும் பயனில்லை.

இவ்வழக்கிற்கு இன்னொரு பக்கம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. சிறையிலிருந்த ஏனைய மூவரும் 1964இல் விடுதலையாகிப் பூனாவில் வரவேற்புப் பெற்றபோது, இக்கொலை நிகழப்போவதை முன்னரே அறிந்திருந்தேன் என்ற பொருளில் ஒருவர் பேசப்போய்ப் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அதன் விளைவாய் அமைந்த கபூர் ஆணைக்குழு, எல்லா நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் சாவர்க்கரும் அவர் குழுவினரும் செய்த சதியென்றே கொள்ள வேண்டியுள்ளது என 1969இல் எழுதிற்று. அப்போது சாவர்க்கர் இறந்து மூன்றாண்டு கழிந்திருந்தது. ஆகவே சாதாரணச் சட்டத்தின் கண்டிப்பான சான்று விதிகள் ஒருவரைத் தப்பவிட்டன என்று வாதிப்போருக்கு இடமுண்டு. எனினும் அதே ஆணைக்குழு பொலிசாரின் குறைகளையும் எடுத்துக் கூறியது. ஜனவரி 20ஆந் திகதியே பிர்லா மாளிகையில் வெடி வைத்த மதன்லால் கையிலகப்பட்டுக் கூட்டாளிகளைப் பற்றிப் பேசியுமிருந்தான். பம்பாயிலோ பேராசிரியர் ஒருவர் தாம் அறிந்ததை அமைச்சரிடமே சென்று கூறினார். பத்து நாள்கள் இருந்தன. குறை சட்டத்தில் இல்லை. கிடைத்த செய்திகளைச் சேர்த்துப் பார்க்காத கைகளில் இருந்தது.

1984இல் இந்திரா காந்தி அம்மையார் தம் காவலராற் கொல்லப்பட்டபோதும் வழக்குக் கொலை வழக்காகவே நடந்தது. தூக்குத் தண்டனை பெற்ற மூவருள் ஒருவரை உச்ச நீதிமன்றம் 1988இல் சான்று போதாதென்று விடுவித்தது. அதற்கிடையில் பஞ்சாப் நிலைமையை முன்னிட்டு 1985இலும், பின் 1987இலும் பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. மக்கள் அதனைத் தடா என்றனர். அதன் 15ஆம் பிரிவு, பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. ஒப்புதல் அளித்தவருக்கு எதிராக மட்டுமன்றி, உடன் விசாரிக்கப்படும் மற்றையோருக்கு எதிராகவும் ஏற்றது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றத்திற்கு மட்டுமே உண்டு.

1991 மே 21ஆந் திகதி இரவு ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தற் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மாலையிட வந்தவள்போல் அணுகிய பெண் தன் உடலிற் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்ய, கூட்டத்தில் நின்ற பலரும், பொலிசாருட்பட, அவருடன் மாண்டனர். இலங்கைக்கு 1987இல் வந்து 1990 மார்ச்சில் மீண்ட இந்திய அமைதி காக்கும் படையின் வரலாறு இக்கொலையின் பின்னணியில் இருந்தது என்பதனை நம் நேயர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருபத்தறுவர் பூந்தமல்லியில் மூடிய கதவுகளுக்குள் தடாவின்கீழ் விசாரிக்கப்பட்டனர். அவருள் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் இருந்தனர். பதினெழுவரின் ஒப்புதல்கள் பொலிஸ் அதிகாரியாற் பதியப்பட்டவை. 1998 ஜனவரி 28ஆந் திகதி இருபத்தறுவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, ஒருவரேனும் விடுபடவில்லை. செங்கோட்டையில் எண்மரை எட்டு வேறு மனிதராக நிறுத்துப் பார்த்த தராசு இங்கே காணப்படவில்லை.

உச்ச நீதிமன்றம் 1999 மே 11ஆந் திகதி அளித்த தீர்ப்பே நம் வினாவின் நடுநாயகம். இச்செயல் தடா கூறும் பயங்கரவாதச் செயல் அன்று என்று அது தீர்த்தது. சதியின் இலக்கு ராஜீவ் காந்தி ஒருவரே. படை அனுப்பியதற்காக அவர்மேற் கொண்ட சினமே அதன் வேர். சட்டப்படி அமைந்த அரசை அச்சுறுத்தும் எண்ணமோ மக்களிடையே பயங்கரத்தை விளைக்கும் எண்ணமோ நாட்டப்படவில்லை என்பது காரணம். கொலையும் கொலைச் சதியுமே எஞ்சின. பத்தொன்பதின்மர் கொலைக் குற்றத்தினின்றும் விடுபட்டனர். அவர்கள்மேல் எஞ்சிய சிறு குற்றங்களுக்கான தண்டனையோ முன்னரே கழிந்திருந்தது. மூவரின் தண்டனை ஆயுட் சிறையாயிற்று. நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. அவருள் நளினிக்கு ஆயுட் சிறை போதும் என்று நீதியரசர் தோமஸ் தனித்துக் கூறினார்.

மக்கள் திரளின் நடுவே வெடித்த குண்டினால் அச்சம் விளைக்கும் எண்ணம் இல்லையென்று கொள்ளுதல் எமக்கு முற்றும் உடன்பாடன்று. அருகே நின்ற காவலரின் பிள்ளைகளுக்கு இவ்விளக்கம் எவ்வாறு ஒலித்திருக்கும்? ஆயினும் தண்டனைச் சட்டத்தின் சொற்களை ஒடுக்கிப் பொருள் கொள்ளுதலே நீதிமன்றுகளின் நெடுநாள் மரபு. அம்மரபின்படி தீர்ப்புப் பிழையன்று. பிழை அதற்கு அடுத்த அடியில் நேர்ந்தது. பயங்கரவாதக் குற்றம் விழுந்துவிட்டது. ஆனால் அக்குற்றத்தின் பேரால் மட்டுமே எடுக்கக்கூடிய பொலிஸ் ஒப்புதல்கள் விழவில்லை. ஒரே விசாரணையிற் சேர்த்து விசாரிக்கப்பட்ட கொலைக் குற்றத்திற்கும் அவை செல்லும் என்று மன்று கொண்டது. அஃதாவது, பயங்கரவாதம் என்ற பெயரால் திறந்த கதவு, அப்பெயர் பொருந்தாது என்று கண்ட பின்பும் மூடப்படவில்லை. கொலை என்றே தொடக்கத்திற் குற்றம் சாட்டியிருந்தால் அத்தாள்களுள் ஒன்றும் மன்றின் வாயிலைக் கடந்திராது. தடாச் சட்டமோ 1995இலேயே காலாவதியாகியிருந்தது.

பொதுமக்களை அஞ்சுவிக்கும் கொலை தனியொருவரின் கொலையினும் கொடிது என்பதை யாம் மறுக்கவில்லை. அக்கொடுமையைத் தண்டனையின் அளவிற் காட்டலாம். சான்றின் அளவிற் காட்டுதல்தான் தவறு. ஏனெனில் தண்டனை குற்றம் புரிந்தவனைச் சேர்வது, தளர்ந்த சான்று விதியோ குற்றம் புரியாதவனையும் சேர்வது. நம் நாட்டிலும் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பொலிஸ் ஒப்புதலை விலக்கியது. 1979இல் மூன்றாண்டுக்கென்று வந்து 1982இல் நிலைபெற்ற பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பெறும் ஒப்புதலை ஏற்றது. தற்காலிகம் என்னும் சொல் அதன் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பூந்தமல்லி வழக்கிற் பேரறிவாளன் என்ற இளைஞன் கைதானபோது வயது பத்தொன்பது. ஒன்பது வோல்ட்டுப் பற்றரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தான் என்பது அவனுக்கு எதிரான முக்கிய செய்தி. அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என அவன் கூறிய பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக, ஒப்புதலைப் பதிந்த அதிகாரியே ஓய்வுபெற்ற பின் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவனது தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆயுட் சிறையாகக் குறைத்தது. பர்ச்சுரே கைதாகி ஒன்றரை ஆண்டு நிறையுமுன் விடுதலை பெற்றார். பேரறிவாளன் 2022 மே 18ஆந் திகதி விடுதலை பெற்றபோது அவருக்கு வயது ஐம்பது. ஏனைய அறுவரும் அவ்வாண்டு நவம்பரில் விடுவிக்கப்பட்டனர்.