ஒஃபா மன்னரின் காசு சொல்வது என்ன?



"இங்கிலாந்தை ஒரு முஸ்லிம் மன்னர் ஆண்டார்" என்று ஒரு பொற்காசின் படம் வட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி வருகிறது. பகிர முன்னர் அந்தக் காசை நாம் வாசித்துப் பார்ப்போமா?

ஒஃபா, மேர்சியாவை 757 முதல் 796 வரை ஆண்ட ஆங்கிலோ-சக்சன் மன்னர். பிரித்தானிய நூதனசாலையிலுள்ள அக்காசில் கலிமாவும் ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும் உள்ளன. கலீபா அல் மன்சூரின் தீனாரைப் பார்த்துச் செய்தது. ஆனால் அரபு எழுத்துகளில் பிழைகள். 'ஒஃபா ரெக்ஸ்' என்ற லத்தீன் வாசகமோ அரபுக்குத் தலைகீழாக இருக்கிறது. செதுக்கியவருக்கு அரபு வாசிக்கத் தெரியாது என்பது இதிலேயே விளங்குகிறது.

ஒஃபாவின் வழமையான காசு வெள்ளிப் பென்னி. மண்ணில் கிடைத்தால் அதை இனங்காண்பது எழுத்தை வைத்துத்தான்: மன்னர் பெயரும், காசு அடித்தவர் பெயரும் இருக்கும். அதற்கு முந்திய சிறிய, தடித்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலும் மன்னர் பெயரே இராது. ஒஃபாவின் பென்னிகள் பலவற்றில் சிலுவை உண்டு. 786இல் பாப்பரசரின் தூதுவர்களையும் அவர் வரவேற்றார்.

ஆக, அந்தப் பொற்காசு காட்டுவது அவரது ஈமானை அல்ல, முஸ்லிம்களின் தீனாருக்கு அன்றிருந்த மதிப்பை. அந்த உண்மையே நமக்குப் போதும். வந்த செய்தியை ஆராய்ந்து பார்க்கச் சொன்னதும் நமது மார்க்கம்தானே!