அக்கார்டியன் ஊரின் கிட்டார்கள்

நம் செஞ்சிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஹார்மோனியப் பெட்டியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், மத்தளத்துக்கும் தாளத்துக்கும் பக்கத்தில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். நம் ஊர் வாத்தியம் என்றே அதை நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது 1840களில் பாரிஸில் பிறந்தது. கல்கத்தாவில்தான் அதன் காலை வெட்டி, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றினார்கள்.

இந்தப் பெட்டிக்கு ஒரு காலத்தில் மதிப்பே இல்லை. கமகம் வராது, மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. அந்த முப்பது வருடமும் கூத்து மேடை அதைக் கைவிடவில்லை. பெரிய இடத்தில் ஒதுக்கிய பொருள் சின்ன இடத்தில் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப்போவது, இதே போல் ஏளனம் பட்டு, இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் இன்னொரு வாத்தியத்தைப் பற்றி. 1950கள், 60களில் இத்தாலியில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்கள். 'ஹார்மோனியத்துக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நடுவில் அக்கார்டியன் இருக்கிறது.

ஒரு மலையூரும் ஒரு தொழிலும்

ஹார்மோனியத்தின் உள்ளே பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கும். ரீடு என்போம். துருத்திக் காற்று பட்டால் நாக்கு அதிரும், சுரம் வரும். அக்கார்டியனும் அதே வேலைதான். இதன் ரீடு எஃகு. ஹார்மோனியத்துக்கு அதைப் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். மார்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்து வாசிப்பார்கள். 1964இல் வந்த 'சங்கம்' இந்திப் படத்தில் ராஜ் கபூர் கையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத் தமிழ்ப் படப் பாடல்களிலும் அதன் சத்தம் நிறையவே கேட்கும்.

இத்தாலியின் கிழக்குக் கடலோரம், மார்க்கே மாநிலத்தில் காஸ்டெல்ஃபிடார்டோ என்று ஒரு சின்ன மலையூர். பக்கத்தில் லொரேட்டோ என்ற புகழ்பெற்ற மாதா கோயில். அங்கே வந்த ஆஸ்திரிய யாத்ரீகர் ஒருவர், 1863இல் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார், போகும்போது தன் சிறிய அக்கார்டியனை அங்கே விட்டுச் சென்றார் என்பது அந்த ஊர்க்கதை. கதை எப்படியோ, அந்த வீட்டுப் பையன் பவுலோ சொப்ரானி அக்கார்டியன் செய்யத் தொடங்கியது வரலாறு. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் அந்த வட்டாரமே அக்கார்டியன் வட்டாரமாகிவிட்டது. ஒருவர் மரப்பெட்டி செய்வார், ஒருவர் ரீடு செதுக்குவார், ஒருவர் துருத்தி மடிப்பார், ஒருவர் பொத்தான் பதிப்பார். காஞ்சிபுரத்தில் பட்டு எப்படியோ, அங்கே அக்கார்டியன் அப்படி.

பிறகு 1950களின் நடுவில் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் வந்தது. இளைஞர்கள் அக்கார்டியனை அப்பா காலத்து வாத்தியம் என்று ஒதுக்கினார்கள். எல்லாருக்கும் கிட்டார் வேண்டும், அதுவும் எலெக்ட்ரிக் கிட்டார். காஸ்டெல்ஃபிடார்டோவின் பட்டறைகளுக்கு ஆர்டர் குறைந்தது. ஊர் முழுக்க ஒரே தொழில் தெரிந்தவர்கள். இனி என்ன செய்வது?

கை மாறவில்லை, பொருள் மாறியது

எலெக்ட்ரிக் கிட்டாரின் அடிப்படை எளிது. கம்பிக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் உண்டாகும். அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி, ஸ்பீக்கரில் ஒலியாக்கும். பழைய கிட்டார் போல உள்ளே காலியான, நுணுக்கமான மரப்பெட்டி தேவையில்லை. கெட்டிப் பலகை போதும். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1950இல் அப்படிப்பட்ட பலகைக் கிட்டார்களைத் தொழிற்சாலை முறையில் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்.

பலகை வெட்டுவதும், பிளாஸ்டிக் ஒட்டுவதும், உலோகம் வளைப்பதும், பொத்தான் பொருத்துவதும் அக்கார்டியன்காரர்களுக்குக் கைவந்த கலை. அக்கார்டியன் தொழிலில் இருந்த ஒலிவியெரோ பிஜினி என்பவர் 1959இல் பக்கத்து ஊரான ரெக்கனாட்டியில் 'எக்கோ' என்ற கம்பெனியைத் தொடங்கினார். சீக்கிரமே அது ஐரோப்பாவின் பெரிய கிட்டார் தொழிற்சாலைகளில் ஒன்றானது. க்ருச்சியானெல்லி, ஸீரோ செட்டே என்று மற்ற அக்கார்டியன் கம்பெனிகளும் கிட்டாரில் இறங்கின.

அந்த ஆரம்பகால எக்கோ கிட்டார் ஒன்றின் படத்தைப் பாருங்கள். உடல் முழுக்க முத்துச்சிப்பி போல மின்னும் உறை, அல்லது தங்கத்தூள் தூவியது போல ஒரு பளபளப்பு. அது செல்லுலாய்டு. அக்கார்டியனின் மேல் ஒட்டிய அதே தகடு. ஒலியை மாற்ற, வரிசையாக அழுத்து பொத்தான்கள். அக்கார்டியனில் சுரத்தின் குணத்தை மாற்றும் பொத்தான் வரிசைதான் கிட்டாருக்கு இடம் மாறிவிட்டது. காந்தச் சுருள்கள் இரண்டு போதும் என்ற இடத்தில் நான்கு. வாங்குகிறவர் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்பது அக்கார்டியன் வியாபாரத்தின் பழைய பாடம்.

விற்பனையும் அதே பாதையில்தான் போனது. அமெரிக்காவில் எக்கோவை இறக்குமதி செய்தவர்கள் மில்வாக்கி நகரத்து லோடூக்கா சகோதரர்கள், அவர்களும் அக்கார்டியன்காரர்கள்தான். 1964இல் பீட்டில்ஸ் அலை அடித்தபோது கிட்டாருக்கு உலகெங்கும் தட்டுப்பாடு. பிரிட்டனின் 'வாக்ஸ்' கம்பெனிகூடத் தன் கிட்டார்களைப் பெருமளவில் இத்தாலியில்தான் செய்து வாங்கியது. இத்தாலியிலேயே புகழ்பெற்ற 'தி ரோக்ஸ்' குழுவுக்காக எக்கோ, ராக்கெட் வடிவத்தில் ஒரு கிட்டாரைச் செய்துகொடுத்தது.

வட்டத் தொழிற்சாலைக்காரர்

இதே காலத்தில், வடக்கே கவ்ரியாகோ என்ற ஊரில், அக்கார்டியன் பின்னணியே இல்லாத ஒருவர் தனி வழியில் போனார். பெயர் அந்தோனியோ பியோலி. எல்லாரும் 'வாண்ட்ரே' என்று கூப்பிட்டார்கள். 1926இல் பிறந்தவர். தன் தொழிற்சாலையையே வட்ட வடிவில் கட்டினார். அவர் கிட்டாரின் கழுத்து மரமல்ல, அலுமினியம். மின்பாகங்கள் பார்மா நகரத்து தாவொலி கம்பெனியில் இருந்து வந்தன. உடலின் வடிவமோ ஓவியர் கை போன போக்கில் போனது போல இருக்கும். 'பிகினி' என்ற மாதிரியில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கிட்டாரோடு ஒட்டிய இன்னொரு பெட்டியாகவே வந்தது. 1960களின் முடிவில் கிட்டாரை விட்டுவிட்டு, தோல் ஆடை செய்யப் போய்விட்டார். 2004இல் காலமானார்.

அவர் செய்த கிட்டார்களை அன்று பலர் விளையாட்டுப் பொருளாகப் பார்த்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் மத்தியில் இத்தாலியக் கிட்டார்களில் அதிகம் தேடப்படுபவற்றில் வாண்ட்ரே ஒன்று. அமெரிக்கக் கலைஞர் பட்டி மில்லர் பல ஆண்டுகளாக மேடையில் வாசிப்பது இந்தக் கிட்டார்தான்.

ஏன் சேகரிக்கிறார்கள்?

இந்த அலை நீண்ட நாள் நிற்கவில்லை. பிஜினி 1967இல் கார் விபத்தில் இறந்தார். ஜப்பானிலிருந்து மலிவான கிட்டார்கள் வந்து குவிந்தன. எக்கோவின் பழைய தொழிற்சாலை 1980களில் மூடப்பட்டது. பெயர் மட்டும் பிறகு மறுபடி எழுந்தது. பளபளக்கும் அந்தக் கிட்டார்கள் அடகுக்கடைகளிலும் பரண்களிலும் போய்ச் சேர்ந்தன. செல்லுலாய்டு உறைக்கு அடியில் ஒட்டுப்பலகை இருந்தது தெரிந்ததும் இளக்காரம் இன்னும் கூடியது. அமெரிக்கர்கள் அந்த முத்து உறைக்கு வைத்த கேலிப்பெயர், கழிப்பறை இருக்கையின் மூடியை வைத்து.

அப்படியானால் இன்று ஏன் தேடுகிறார்கள்? ஒலி தனி மாதிரி என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். நம் செஞ்சிக் கோட்டையில் ஒரு மதிலைப் பார்த்து, 'இது நாயக்கர் காலம், இது பீஜப்பூர்காரர் சேர்த்தது, இது மராட்டியர் கட்டியது' என்று விவரம் தெரிந்தவர்கள் படித்துச் சொல்வார்கள் இல்லையா? 2025இல் அந்தக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஒரு எக்கோ கிட்டாரும் அப்படித்தான். வேலை போகும் நிலையில் இருந்த ஒரு ஊர், தனக்குத் தெரிந்த கைவேலையை வைத்தே எப்படிப் பிழைத்தது என்பதை அந்தப் பொத்தான் வரிசையிலும் முத்து உறையிலும் படிக்கலாம். எந்தப் புத்தகமும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. உறையை உரித்துவிட்டு அழகாக வார்னிஷ் அடித்தவர்கள், தெரியாமல் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தொழிற்சாலைக் கிட்டார் ஊருக்கு ஒரு பெயர்ப்பலகையோடு விற்றது. 'கோயா ரேஞ்ச்மாஸ்டர்' என்று எழுதியிருக்கும், செய்தது ஸீரோ செட்டே. வாண்ட்ரேயின் கிட்டார் அமெரிக்காவில் 'நோபிள்' என்று விற்கும். எனவே யார் செய்தது என்று கண்டுபிடிக்கப் பழைய ரசீது, விற்பனைப் பட்டியல், வாங்கியவர் சொன்ன வார்த்தை, இவைதான் துணை. எழுதி வைக்காத வீட்டில் அந்த விவரம் ஒரு தலைமுறையோடு போய்விடும்.

நம் வீட்டுக் கதை

இங்கேதான் விஷயம் நம் குடியிருப்புக்கு வருகிறது. 1950களின் பிற்பகுதியில் நம் நாட்டில் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்து, இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டுக் கிட்டார் வாங்குவது சாமானியருக்கு எட்டாத காரியம். அந்த இடத்தை நிரப்பியது உள்நாட்டு வாத்தியங்கள். கல்கத்தாவில் செய்த 'கிவ்சன்' கிட்டார் நாடு முழுக்கப் போனது. பெயரே அமெரிக்க 'கிப்சன்' ஆசையில் வைத்தது. 1975இல் 'நாளை நமதே' பார்த்துவிட்டுக் கிட்டார் வாங்கித்தரச் சொல்லி வீட்டில் அடம்பிடித்தவர்கள் நம் நடுவிலும் இருப்பார்கள். இன்று அந்தக் கிட்டாரை யாரும் மதிப்பதில்லை. 1970களில் எக்கோவையும் இப்படித்தான் யாரும் மதிக்கவில்லை.

போகி வருகிறது. பரணைச் சுத்தம் செய்வீர்கள். பழைய கிட்டார், புல்புல்தாரா, ஹார்மோனியம், அக்கார்டியன் ஏதாவது கண்ணில் பட்டால், பழைய சாமான்காரரிடம் போடும் முன் சில விஷயங்கள்:

முதலில், நெருப்பில் போடவே போடாதீர்கள். செல்லுலாய்டு என்பது பழைய சினிமா ஃபிலிம் வகைப் பொருள். பற்றினால் நிற்காது, புகையும் விஷம்.

இரண்டாவது, மூடிய பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றாதீர்கள். செல்லுலாய்டு நாளாக ஆக அமில ஆவி விடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பக்கத்து உலோகத்தை அரிக்கும். அக்கார்டியன் ரீடுகளைத் தேன்மெழுகு கலவையில்தான் பதித்திருப்பார்கள். நம் சித்திரை வெயிலில் மாடிப் பரண் சூட்டுக்கு அது இளகி, ரீடு கழன்றுவிடும். கிட்டார் என்றால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, வெயில் படாத சுவரோரம் வையுங்கள்.

மூன்றாவது, பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் ஆசையில் உடனே பிளக்கில் செருக வேண்டாம். வால்வு வகை என்றால் அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பார்க்கட்டும்.

நான்காவது, பாலிஷ், பெயிண்ட் எதுவும் அடிக்காதீர்கள். கீறலும் ஒட்டிய சீட்டும் அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக, இதற்குச் செலவே இல்லை. அதை வாங்கிய தாத்தாவோ, அத்தையோ, பெரியப்பாவோ இருந்தால் இந்தப் பொங்கலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எங்கே வாங்கியது, எந்த வருடம், என்ன விலை, யார் வாசித்தது. பதிலை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, வாத்தியத்தோடு கட்டி வையுங்கள். நாளைக்கு அந்தப் பொருளை விற்றாலும் கொடுத்தாலும், அந்தச் சீட்டு கூடவே போகட்டும்.