கத்தி பிடித்த நோயாளிகள்

சிறுநீர்ப் பாதையைச் சீரமைக்கும் சர்ஜன்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று தேட ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனா ஒரு வேலை தெரிஞ்ச ஆள் ரெண்டே பேர், அதிலும் ஒருத்தர் லீவு என்கிற நிலைமை எனக்கு நல்லாவே பழக்கம். தேடல் கடைசியில் பிரசவ ஃபிஸ்டுலாவில் போய் நின்றது.

நம்மூரில் ஃபிஸ்டுலா என்றால் பௌத்திரம்தான் ஞாபகம் வரும். இது வேற. பிரசவ வலி நாள்கணக்கில் இழுத்து, சிசேரியனுக்கும் வழி இல்லை என்றால், குழந்தையின் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். ரத்த ஓட்டம் நின்று அந்த இடத்துச் சதை செத்து ஓட்டை விழும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். அதன்பின் அந்தப் பெண்ணுக்கு ராத்திரி பகலாகச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்களுக்கு இது வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

1959ல் கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற டாக்டர் தம்பதி எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். மிட்வைஃப் பள்ளி ஆரம்பிக்க மூணு வருஷ ஒப்பந்தம். இருவருமே மகப்பேறு நிபுணர்கள். இருந்தும் அதற்குமுன் ஒரு பிரசவ ஃபிஸ்டுலாவைக்கூட நேரில் பார்த்ததில்லை. பழைய கட்டுரைகளையும், கெய்ரோ டாக்டர் நகீப் மஹ்ஃபூஸின் எழுத்துகளையும் தேடிப் படித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். (நாவலாசிரியர் மஹ்ஃபூஸுக்கு இந்த டாக்டரின் பெயரைத்தான் வைத்தார்கள். பிரசவம் பார்த்தவர் இவர்.)

நிபுணர்களே பார்த்ததில்லை என்றால் எப்படி? பணக்கார நாடுகளில் சிசேரியன் பரவியதும் இந்த நோய் காணாமல் போய்விட்டது. நோய் போனதும் கை வித்தையும் போச்சு. நியூயார்க்கில் 1855ல் இதற்காகவே பெரும்பாலும் நடந்த ஒரு பெண்கள் மருத்துவமனை இருந்தது. பின்னால் அது இடம் மாறிப்போன மனையில் இன்று நிற்பது வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்.

அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் ஜே. மரியன் சிம்ஸ். அவர் வித்தை கற்ற இடம் வேறு: அலபாமாவின் மாண்ட்கமரி, 1845 முதல் 1849 வரை. கற்றது அடிமைப் பெண்களின் உடலில். அனார்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள்தான் அவர் எழுத்தில் மிச்சம். அனார்காவுக்கு மட்டும் முப்பது ஆபரேஷன், மயக்கமருந்து இல்லாமல். ஒண்ணும் தேறாததைப் பார்த்து, உதவிக்கு வந்த வெள்ளைக்கார டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்புறம் ஆபரேஷன் மேஜையில் அவருக்குக் கூடமாட நின்றது யார்? அதே பெண்கள்தான். இன்றைக்கு ஒருத்தி படுப்பாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள், நாளைக்கு இன்னொருத்தி. 1849ல் வெள்ளிக் கம்பித் தையலால் ஓட்டை மூடியபோது, உலகத்திலேயே அந்த ஆபரேஷனை மிக அதிகம் பார்த்திருந்தவர்கள் சிம்ஸும் அந்த அடிமைப் பெண்களும்தான். புகழ் ஒருத்தருக்கு மட்டும் போனது. சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018ல்தான் எடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மறுபடி அடிஸ் அபாபாவுக்கு வந்தால், மமிட்டு காஷே என்ற பெண்ணைத் தாண்டிப் போக முடியவில்லை. 1962ல் நோயாளியாக ஹாம்லின்களிடம் வந்த கிராமத்துச் சின்னப்பெண். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குத் திரும்பாமல் வார்டில் படுக்கை விரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தாள். ரெஜினால்ட் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க, தையல் போட்டாள். 1974ல் ஃபிஸ்டுலாவுக்கென்றே தனி மருத்துவமனை வந்தது. அங்கே முழு ஆபரேஷனும் செய்தார். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்த பட்டம் பெற்ற சர்ஜன்கள் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். 1989ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஹாம்லின்களோடு சேர்த்து அவருக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இந்தக் கதையை எல்லோரும் நெகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள். எனக்கும் நெகிழ்ச்சிதான். கூடவே ஒரு நெருடல். ஒரு வேலைக்கு ஆள் கிடைக்காமல் நோயாளியிலிருந்தே சர்ஜனை எடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வேலைக்கு உலகம் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். ஏழை நோயாளிகள், ஃபீஸ் கிடையாது, தலைநகரத்திலிருந்து தூரம். பட்டம் வாங்கியவர் எதற்கு வருவார்?

பயிற்சிக்குப் பொதுவான பாடத்திட்டம் என்று ஃபிகோ கூட்டமைப்பு ஒன்றைக் கொண்டுவந்ததே 2011ல்தான். அதில் மூன்று படி. முதல் படியில் இருப்பவர் எளிய ஓட்டையைத்தான் தொடலாம். ஏன் என்று பார்த்தால், முதல் ஆபரேஷனில்தான் ஓட்டை மூட நல்ல வாய்ப்பு. தப்பாகிவிட்டால் தழும்பு ஏறி அடுத்தது இன்னும் கஷ்டம். ஓட்டை மூடியும் சிலருக்கு ஒழுக்கு நிற்காது. சிறுநீர்க்குழாயே அழிந்துபோயிருக்கும், இல்லை சிறுநீர்ப்பை சுருங்கியிருக்கும். அவர்களுக்குத்தான் கடைசிப் படியில் இருப்பவர்கள் வேண்டும். அந்தப் படிக்கு ஏறி வர வருஷக்கணக்கில் ஆகும்.

ஹாம்லின்கள் ஆளைத் தேடுவதோடு நிற்கவில்லை. முதலில் வந்த வேலைக்கே திரும்பினார் கேத்தரின்: 2007ல் மிட்வைஃப் கல்லூரி. சரியான நேரத்தில் வலியை கவனிக்க ஊரில் ஒருத்தி இருந்தால் ஓட்டையே விழாது. 2020 மார்ச்சில் 96 வயதில் அவர் இறந்தார், அந்த அடிஸ் அபாபாவிலேயே.