செல்ஃப் எடுக்கலையா? புது பேட்டரி வாங்கும் முன் இந்த மூன்று எண்களைப் பாருங்கள்

பழைய கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் வழக்கமாக நடப்பது இதுதான்: பேட்டரி கடைக்கு ஒரு போன், கொஞ்ச நேரத்தில் புது பேட்டரி, கார் ஸ்டார்ட். பிரச்னை தீர்ந்த மாதிரிதான் தெரியும். ஆனால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருந்தால், புது பேட்டரியும் சீக்கிரமே இறங்கிவிடும். அது வீட்டு வாசலில்தான் நடக்கும் என்று இல்லை. ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலையிலும் நடக்கலாம்.

எது கெட்டது என்று பார்க்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மாருதி 800, பழைய சான்ட்ரோ போல 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி உள்ள கார்களுக்குக் கீழே உள்ள அளவுகள் பொருந்தும். சார்ஜிங்கை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும் சில புதிய கார்களில் மூன்றாவது எண் மட்டும் மாறும்.

பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்ன வேலை?

ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற வைப்பது பேட்டரியின் முக்கிய வேலை. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பொறுப்பு ஆல்டர்னேட்டருக்கு மாறுகிறது. மெக்கானிக்குகள் பலர் இதை இன்னமும் ‘டைனமோ’ என்றுதான் சொல்வார்கள். பெல்ட் மூலம் சுழலும் இது, விளக்கு, ப்ளோயர், இக்னிஷன் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தந்து, பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது.

ஆக, பேட்டரி இறங்கிப்போச்சுன்னா காரணம் மூன்றில் ஒன்று: பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை, பேட்டரிக்கு சார்ஜ் வரவில்லை, அல்லது கார் நிற்கும்போது எங்கோ சார்ஜ் கசிகிறது.

முதல் எண்: ராத்திரி முழுக்க நின்ற பிறகு

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். எஞ்சினை அணைத்த உடனே பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும். அதனால் காலையில் பார்ப்பது நல்லது.

- 12.6 வோல்ட்: முழு சார்ஜ்
- 12.4: சுமார் முக்கால்
- 12.2: சுமார் பாதி
- 12.0: கால் பங்குதான் மிச்சம்

எண் குறைவாக இருப்பதாலேயே பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதில் சார்ஜ் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். சார்ஜரில் முழுசாக ஏற்றிவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

இரண்டாவது எண்: சாவியைத் திருப்பும்போது

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி அந்தச் சில நொடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பெரும்பாலும் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் எண் 12 பக்கத்திலேயே நிற்கிறது, ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது என்றால், பேட்டரி மேல் பழி போடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறதா, ஸ்டார்ட்டர் சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது எண்: எஞ்சின் ஓடும்போது

இப்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரி. ஹெட்லைட், ப்ளோயர் போட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது.

எண் 12-லேயே நின்று மெல்ல இறங்கினால், சார்ஜ் வரவில்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்து, சாவியை ‘ஆன்’ செய்ததும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் மின்சாரமே அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸ் ஆனால், நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் செய்யாமல் போகலாம்.

ஆல்டர்னேட்டரின் பின்புற டெர்மினலில் 14.2, பேட்டரியில் 13.2 என்றால், ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இடையில் உள்ள ஒயரோ இணைப்போதான் கோளாறு.

15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும், பெட்டி உப்பும். இந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் வீண்.

மூன்றும் சரி, ஆனாலும் இறங்குகிறதா?

அப்படியென்றால் கசிவு. நிறுத்திய காரில் 50 மில்லி ஆம்பியருக்குள் மின்சாரம் போவது இயல்பு. அது நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர். அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 12. மாருதி 800 போன்ற சிறிய காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நாளில் காலி. வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம், அலாரம், டிக்கி விளக்கு ஆகியவை மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செய்யவே கூடாதது

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, ‘வண்டி அணையலைன்னா டைனமோ ஓகே’ என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், ஆல்டர்னேட்டர் டயோடையும் இசியூவையும் எரித்துவிடலாம். யாராவது செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள்.

மூன்று எண்களையும் போனில் குறித்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். ஆல்டர்னேட்டரில் தேய்ந்தது கார்பன் பிரஷ் அல்லது ரெகுலேட்டர் மட்டும் என்றால், பல மாடல்களில் அதை மட்டும் மாற்றலாம். ‘மொத்தமா மாத்திடலாம் சார்’ என்று அவர் சொன்னால், எந்த எண்ணைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.