பதிவேடும் பில் தலைப்பும்: திருச்சி வணிகத்தில் நிறுவனச் சரிபார்ப்பின் வரலாறு

ஒரு நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா? அதன் பெயரில் கையெழுத்திடுபவர் யார்? பணம் நின்றுபோனால் யாரைப் பிடிப்பது? ஐரோப்பாவில் இவற்றுக்குப் பதில் சொல்வது வணிகப் பதிவேடு. ஜெர்மனியில் அதை நீதிமன்றம் வைத்திருக்கிறது. நெதர்லாந்தில் வணிகச் சபை. பிரிட்டனில் தனி அரசு அலுவலகம். திருச்சிராப்பள்ளியில் சரக்கு அனுப்புமுன் இதே கேள்விகளைக் கேட்பவர் முதலில் திறப்பது ஜிஎஸ்டி இணையதளத்தை. நிறுவனப் பதிவேடு இங்கும் இருக்கிறது. ஆனால் அதை யாரும் முதலில் தேடிப் போவதில்லை. இது ஊர் வழக்கத்தால் நேர்ந்தது அல்ல, 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் எடுத்த ஒரு முடிவின் விளைவு என்பது என் கருத்து.

ஆளை அடையாளம் காட்டும் முறை இப்பகுதிக்குப் புதிதல்ல. திருவரங்கம் (ஸ்ரீரங்கம்) கோயிலின் கல்வெட்டுகள் அறுநூற்றுக்கும் மேல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்பட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கொடையாளி வெறும் பெயரோடு வருவது அரிது. எந்த வளநாடு, அதில் எந்த நாடு, எந்த ஊர், என்ன தொழில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசியில்தான் பெயர். வணிகனானால் அவன் சார்ந்த குழுவும் சேரும். கொடும்பாளூரில் இருந்த மணிக்கிராமம் அப்படிப்பட்ட ஒரு குழு. அதே பெயர் இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. கடல் கடந்த ஊரில் முன்பின் தெரியாதவனுக்குக் குழுவின் பெயர் அத்தாட்சியாக நின்றிருக்கும். இதை வைத்து அக்காலத்திலேயே நிறுவனப் பதிவு இருந்தது என்று எழுதுவோரும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். குழு தன் ஆளுக்குப் பொறுப்பேற்றது, அவ்வளவே. வெளியார் வந்து புரட்டிப் பார்க்கும்படி வைத்த ஏடு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படியான ஏடு ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. அதிலும் திருச்சியின் மிகப் பெரிய நிறுவனத்தின் ஏடு திருச்சியில் இல்லை. நாகப்பட்டினம்–திருச்சி இருப்புப்பாதையை 1860-களின் தொடக்கத்தில் போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. 1874-இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து அது தென்னிந்திய ரயில்வே ஆனது. 1890-இல் அந்நிறுவனம் லண்டனில் பதிவானது, தலைமையிடமோ திருச்சி. பிரிட்டனில் 1844-இலேயே நிறுவனப் பதிவாளர் பதவி ஏற்பட்டிருந்தது. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ஷில்லிங்குக்கு மேற்படாத கட்டணத்தில் யாரும் ஆவணங்களைப் பார்க்கலாம். ஜங்ஷன் பக்கம் ரயில்வேக்குச் சரக்குக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அந்த ஷில்லிங்கைக் கட்ட லண்டன் போயிருக்கவா முடியும்? தேவையும் இருக்கவில்லை. ரயிலும் அலுவலகமும் கண்ணெதிரே இருந்தன.

உள்ளூர்க் கடைகளின் நிலை வேறு. பெரிய கடைவீதி ஜவுளி, உறையூர்ச் சுருட்டு, மண்டி வியாபாரம் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலோ கூட்டாளிகளின் கையிலோ இருந்தது. இவர்களுக்குத்தான் ஒரு பதிவேடு தேவைப்பட்டது. பலகையில் ஒரு பெயரும் 'அண்ட் கோ'வும் இருக்கும். அந்த 'கோ' யார் யார் என்பது வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. பிரிட்டன் போர்க்காலத்தில், 1916-இல், சொந்தப் பெயரல்லாத பெயரில் தொழில் செய்யும் எவரும் அப்பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் செய்தது. ஆங்கிலப் பெயர்ப் பலகைக்குப் பின்னே ஜெர்மானியர் இருக்கலாம் என்ற சந்தேகம் அதற்கு ஒரு தூண்டுதல். இரண்டே ஆண்டில் இலங்கை அதைப் பின்பற்றி 1918-இல் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொழும்பில் தனி ஆள் கடைக்கும் பதிவு வந்தது. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் வரைவைச் சீர்ப்படுத்திய சிறப்புக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் டின்ஷா முல்லாவும் இருந்தார்கள். ஆங்கிலேய முறைப்படி பதிவைக் கட்டாயமாக்கித் தண்டனை விதிப்பது இந்தியாவில் தொடக்கத்திலேயே கடுமையாகிவிடும், சிறிய, கொஞ்ச நாளே நடக்கும் தொழில்களால் சிக்கல் வரும் என்று குழு கருதியது. எனவே பதிவு செய்வது கூட்டாளிகளின் விருப்பம். செய்யாவிட்டால் 69-ஆம் பிரிவு பாயும்: ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது. அந்த வெளியார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம், அதற்குத் தடையில்லை. சட்டம் 1932 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒரு பிரிவுக்கு மட்டும் ஓராண்டு தவணை.

நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் வழக்கு என்று வந்தால்தானே உறைக்கும்? மண்டியில் பாக்கி வசூலாவது பெரும்பாலும் தரகர் வாய்ச்சொல்லில். கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி. பதிந்தவர்களும் மாற்றங்களைச் சொல்லாமல் விட்டார்கள். ஒரு கூட்டாளி விலகினாலோ புதியவர் சேர்ந்தாலோ பதிவாளருக்குத் தெரிவிக்க 63-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் தாத்தா காலமான பிறகும் அவர் பெயர் ஏட்டில் கூட்டாளியாக இருக்கும். 66, 67-ஆம் பிரிவுகளின்படி யாரும் கட்டணம் செலுத்தி ஏட்டைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரே இதற்குப் பொறுப்பு. அந்த நகலை வாங்குவோரில் வக்கீல்களும் வங்கிகளுமே அதிகம்.

வெற்றிடத்தை நிரப்பியது விற்பனை வரி. 1939-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது. அதைவிட முக்கியமானது 1956-இன் மத்திய விற்பனை வரிச் சட்டம். வெளிமாநிலத்துக்கு விற்பவர் குறைந்த விகிதத்தில் வரி கட்ட வேண்டுமானால் வாங்குபவரிடமிருந்து 'சி படிவம்' பெற வேண்டியிருந்தது; வாங்குபவர் பதிவு பெற்ற வணிகராக இருந்தால்தான் அது கிடைத்தது. ஆக, எதிராளியின் பதிவு சரியில்லை என்றால் நட்டம் நம் தலையில். எந்த அறிவுரையாலும் வராத எச்சரிக்கை இந்தப் படிவத்தால் வந்தது. காந்தி மார்க்கெட் கடைகளின் பழைய பில் புத்தகங்களில் கடைப் பெயருக்கு மேலேயோ கீழேயோ டிஎன்ஜிஎஸ்டி (மாநில விற்பனை வரி) எண், சிஎஸ்டி (மத்திய விற்பனை வரி) எண், அது கொடுக்கப்பட்ட தேதி மூன்றும் அச்சாகியிருக்கும். பழைய தேதி மதிப்புத் தந்தது. இத்தனை வருஷமாகக் கடை நடக்கிறது என்று அதுவே சொல்லும். 2007-இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தபோது அந்த இடத்தில் 33 என்று தொடங்கும் டின் எண் அமர்ந்தது.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம். தமிழ்நாட்டுக்கு அதே 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்தைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்: 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. கூட்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு வருபவரின் எண்ணில் 'பி' இருந்தால் அடுத்த கேள்வி கேட்கத்தான் வேண்டும். தளத்தில் தேடினால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவுத் தேதி, முகவரி, எந்த வட்டம் என்பவை வரும். ஸ்ரீரங்கம், உறையூர், காந்தி மார்க்கெட் எல்லாம் தனித்தனி வட்டங்கள். எனக்கு இவற்றைவிடப் பயனுள்ளதாகப் படுவது அடியில் உள்ள ரிட்டர்ன் பட்டியல். ஏழெட்டு மாதமாக எதுவும் தாக்கலாகவில்லை என்றால் பதிவு உயிரோடிருந்தாலும் வியாபாரம் சந்தேகத்துக்குரியது. பிறர் ஆதாரையும் மின்கட்டண ரசீதையும் வைத்து எடுத்த போலிப் பதிவுகளைக் களைய 2023 மே நடுவில் தொடங்கி இரண்டு மாதம் நாடு முழுவதும் சோதனை நடத்தவேண்டி வந்தது.

ஐரோப்பாவிலும் நிலைமை ஒரே சீராக இல்லை. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளின் பதிவேடுகள் 2017 ஜூனில்தான் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஜெர்மனியின் ஏட்டை 2022 ஆகஸ்டிலிருந்துதான் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. ஒன்றியத்திலும் வரி எண்ணுக்கென்று தனித் தளம் உண்டு. ஆனால் ஜெர்மன் எண்ணைப் போட்டால் செல்லும் அல்லது செல்லாது என்பதோடு நிறுத்திக்கொள்ளும், பெயர் சொல்லாது. அங்கே வரி எண் துணைச் சான்று, வணிகப் பதிவேடுதான் மூலச் சான்று. துவாக்குடியிலிருந்து பாய்லர் உதிரிப்பாகம் கேட்கும் ஐரோப்பியர் தம் ஊர் வழக்கப்படி 'பதிவேட்டு நகல்' கேட்பார். கம்பெனியாக இருந்தால் 2006 முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணைய ஏட்டில் இயக்குநர் பெயர் வரை காட்டலாம். உரிமையாளர் ஒருவரே நடத்தும் பட்டறைக்குக் காட்ட அப்படி எதுவும் கிடையாது. ஜிஎஸ்டி சான்றிதழையும் 2020-இல் வந்த உத்யம் சான்றிதழையும் அனுப்புவார்கள். உத்யம் என்பது தொழில் நடத்துபவர் தாமே அளிக்கும் விவரங்களின் அடிப்படையில் தரப்படுவது.

அந்த ஜிஎஸ்டி சான்றிதழும் எல்லாரிடமும் இருக்காது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஸ்ரீரங்கம் வீதிகளில் பூசைப் பொருள், பித்தளை விளக்கு விற்கும் சிறு கடைகள் பல இந்த வரம்புக்குள் அடங்கும். 1994-இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது முதல் இவற்றுக்குத் தொழில் உரிமம் தருவது மாநகராட்சி. இலங்கையில் 1918 முதல் இத்தகைய கடைக்கு ஓர் ஏடு இருக்க, இங்கே சரக்குக் கடன் கொடுக்கும் மொத்த வியாபாரி இன்றும் பக்கத்துக் கடையில்தான் விசாரிக்கிறார்.