கையில் தொழில் உண்டு, கடதாசி இல்லை: அனுபவத்தைத் தகைமையாக மாற்றுவது எப்படி?

இருபது வருடங்களாக வீடு கட்டும் மேசன், சத்தத்தைக் கேட்டே மோட்டார் சைக்கிளின் பழுதைச் சொல்லும் மெக்கானிக், ஊர் முழுவதற்கும் சட்டை தைத்துக் கொடுக்கும் பெண் என எமது பிரதேசங்களில் தொழில் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவமொன்றில் 'கல்வித் தகைமை' என்ற இடம் வந்ததும் இவர்களில் பலர் பேனையைக் கீழே வைத்துவிடுகின்றார்கள். ஒன்பதாம் ஆண்டோடு இடம்பெயர்ந்தவர்கள் உண்டு. பரீட்சை எழுதியும் சான்றிதழை இறுதி யுத்தத்தின்போது பதுங்குகுழியில் விட்டு வந்தவர்களும் உண்டு.

வன்னியில் தொழிற்பயிற்சி பெற வருபவர்களோடு சில ஆண்டுகள் வேலை செய்தவன் நான். தெரிந்த தொழிலையே மீண்டும் ஆறு மாதம், ஒரு வருடம் என வகுப்பில் இருந்து படிக்க வேண்டுமென்று நினைத்து, அன்றாட உழைப்பை விட முடியாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கின்றேன். அப்படிப் படிக்கத் தேவையில்லை என்பதை விளக்கமாகச் சொல்வதற்காகவே இதை எழுதுகின்றேன்.

முன்கற்றலை அங்கீகரித்தல்

இலங்கையில் தொழிற்கல்விக்குப் பொறுப்பான அமைப்பு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு ஆகும். தேசிய தொழிற்தகைமை, அதாவது நாம் என்.வி.கியூ. என்று சொல்லும் சான்றிதழ், இந்த ஆணைக்குழுவின் கட்டமைப்புக்குள் வழங்கப்படுகின்றது. அதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதலாவது ஆரம்ப நிலை. 2 முதல் 4 வரை கைத்தொழிலாளருக்கான சான்றிதழ்கள். 5உம் 6உம் டிப்ளோமா. 7 பட்டம்.

இந்தச் சான்றிதழைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பாடநெறியைப் படித்து முடிப்பது. மற்றது, ஏற்கனவே தெரிந்த தொழிலைச் செய்து காட்டி மதிப்பீடு பெறுவது. இரண்டாவதே முன்கற்றலை அங்கீகரித்தல். அலுவலகங்களில் 'ஆர்.பி.எல்.' என்று கேட்டால் உடனே விளங்கும். எந்த வழியால் பெற்றாலும் மட்டமும் பெறுமதியும் ஒன்றுதான்.

எங்கே பழகினீர்கள் என்பது கேள்வியல்ல

ஒவ்வொரு தொழிலுக்கும் தேசிய தேர்ச்சி நியமம் என்றொரு ஆவணம் இருக்கின்றது. அந்தத் தொழில் பல அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். மதிப்பீடு அந்த நியமத்தின்படியே நடக்கின்றது. நீங்கள் யாரிடம் பழகினீர்கள், எந்தக் காலத்தில் பழகினீர்கள் என்பது அதில் இல்லை.

இது எமக்கு முக்கியமானது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட வைத்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் எந்தப் பாடசாலையிலும் அதைப் படிக்கவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் கட்டப்பட்டபோது, கையாளாகப் போய் மேசனாகத் திரும்பியவர்கள் ஏராளம். கடந்த காலத்தைப் பற்றிப் பேச விரும்பாதவர்களும் எம்மிடையே இருக்கின்றார்கள். அவர்கள் தமது தொழிலையும் இப்போது செய்யும் வேலையையும் காட்டினால் போதும்.

எங்கே விண்ணப்பிப்பது?

நைட்டா என அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் கேட்கலாம். நடைமுறை பொதுவாக இவ்வாறு அமையும்:

1. விண்ணப்பித்ததும் ஆரம்ப நேர்காணல். எந்த மட்டத்துக்கு நீங்கள் பொருத்தம் என்று அங்கே பார்ப்பார்கள்.
2. உங்கள் அனுபவத்தைக் காட்டும் ஆதாரக் கோவையைத் தயாரித்தல்.
3. ஏதாவது அலகில் குறை இருந்தால், அதற்கு மட்டும் குறுகிய பயிற்சி.
4. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் முன்னிலையில் செய்முறையும் வாய்மொழிக் கேள்விகளும்.

கட்டணம் தொழிலைப் பொறுத்து வேறுபடலாம். முன்கூட்டியே கேட்டு, செலுத்தினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஆதாரங்கள் அழிந்துபோனவர்கள்

அதிகமானோர் தயங்கும் இடம் இதுதான். பழைய ஆதாரம் இல்லாவிட்டால் இப்போதுள்ளதை வைத்துக் கோவையைக் கட்டலாம். செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று கட்டங்களில் கைபேசியில் படமெடுங்கள். நீங்களும் படத்தில் இருக்க வேண்டும். பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு, வேலை கொடுத்தவரின் கடிதம், கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது கூட்டுறவுச் சங்கம் தரும் கடிதம், தொண்டு நிறுவனமொன்று நடத்திய மூன்று நாள் பயிற்சியின் அத்தாட்சி எல்லாமே உதவும். தையல் செய்பவர்கள் அளவுப் புத்தகத்தையும் மாதிரித் துணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கே விசாரிக்க வேண்டும். சாதாரண தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மீளப் பெறலாம். ஆனால் கைத்தொழில் மட்டங்களுக்கான மதிப்பீட்டுக்கு அந்தச் சித்தி இல்லையே என்று நின்றுவிடாதீர்கள்.

கை தவறுவதில்லை, கேள்வி தடுக்கின்றது

நான் கண்டவரை, அனுபவசாலிகள் செய்முறையில் அரிதாகவே குறைபடுகின்றார்கள். தடுமாறுவது விளக்கம் சொல்லும் இடத்தில். எமது மெக்கானிக் டப்பெட் இடைவெளியைக் காதால் கேட்டுச் சரிசெய்வார். மதிப்பீட்டாளர் பீலர் கேஜால் அளந்து காட்டச் சொல்வார். மேசன் சாந்தைக் கண் மதிப்பில் குழைப்பார். சீமெந்துக்கு எத்தனை பங்கு மணல், கொங்கிரீட்டில் 1:2:4 என்றால் என்ன என்று அங்கே கேட்பார்கள். வயரிங் செய்பவரிடம் எர்த் எதற்கு, ட்ரிப் சுவிட்ச் எப்போது விழும் என்று கேட்பார்கள்.

பாதுகாப்பும் அப்படியே. வெறுங்காலோடு, கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்து பழகியவர் அன்றைக்கும் அப்படிச் செய்தால் வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் குறையாகவே எடுக்கப்படும். ஆகவே உங்கள் தொழிலுக்குரிய நியமத்தைக் கேட்டுப் பெற்று, பிள்ளைகளைக் கொண்டாவது வாசித்துப் பாருங்கள். யுத்தத்தில் அவயவம் இழந்தவர்கள், தாம் பயன்படுத்தும் மாற்று முறையையோ கருவியையோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

சில அலகுகளில் மட்டும் தேறினால் உழைப்பு வீண்போகாது. தேறிய அலகுகளுக்கு அடைவுப் பதிவு கிடைக்கும். மீதியைப் பின்னர் நிறைவு செய்து முழுச் சான்றிதழையும் பெறலாம்.

இதற்குப் பிறகு என்ன?

நான்காம் மட்டம், மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடிய முழுத் தொழிலாளி என்பதைக் குறிக்கின்றது. அதை வைத்து ஐந்தாம் மட்ட டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் எமக்கு அருகில் இருப்பவை. பட்ட மட்டத்துக்கு இரத்மலானையில் யுனிவொடெக் எனப்படும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒன்பதாம் ஆண்டோடு நின்றவருக்கும் மேலே போக ஒரு பாதை இருக்கின்றது என்பதே இதன் பொருள்.

புலம்பெயர்ந்து வாழ்பவர்களுக்கும் இதேபோன்ற வழிகள் உண்டு. பிரான்சில் 2002ஆம் ஆண்டுச் சட்டம், வேலை அனுபவத்தை மதிப்பிட்டு டிப்ளோமா வழங்க இடமளித்தது. சுவிற்சர்லாந்தில் குறைந்தது ஐந்து வருட வேலை அனுபவமுள்ள வளர்ந்தவர்கள், பயிலுநர் ஒப்பந்தம் இல்லாமலேயே தொழிற்கல்வியின் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். உணவகச் சமையலறைகளில் வருடக்கணக்காக உழைக்கும் எம்மவர்கள் இதைக் கட்டாயம் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

பணம் கொடுத்தால் மதிப்பீடு இல்லாமலே என்.வி.கியூ. எடுத்துத் தருகின்றோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். அந்த நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி அங்கீகாரம் பெற்றதா என்று இரண்டையும் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்காகப் போலிச் சான்றிதழைக் கொடுத்தால், சரிபார்க்கும்போது வேலையும் போகும், கட்டிய காசும் போகும்.

விண்ணப்பிக்க இன்னும் நாளெடுக்கும் என்றாலும் ஒரு கொப்பியை இன்றே எடுங்கள். எந்த வேலை, யாருக்கு, எந்த மாதம், என்ன பொருள் கொண்டு செய்தீர்கள் என்று எழுதி வாருங்கள். வீட்டில் தொழில் தெரிந்த அப்பாவோ அம்மாவோ இருந்து, எழுதத் தயங்கினால், அந்தக் கொப்பியை எழுதிக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குப் போகும் நாளில் அவர்கள் கையில் கொண்டுபோகும் முதல் ஆதாரம் அதுவாகத்தான் இருக்கும்.