நேயர் கொடுத்த காசில் எழுந்த குரல்

நம் கீழ்க்கரைக் கோயில்களிலே திருவிழா எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை இம்மலரை வாசிக்கும் பெரியோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு குடியாருடையது. அடுத்த நாள் இன்னொரு குடியாருடையது. எண்ணெய், பூ, மேளம், அன்னதானம் ஆகிய எல்லாவற்றையும் அந்தந்த நாளுக்குரியவர்களே ஏற்றுக்கொள்வர். வண்ணக்கர் கணக்குக் காட்டுவார். கொடுக்க இயலாத ஏழையும் வீதியிலே நின்று சுவாமி பார்ப்பான். அவனை எவரும் வெளியே போ என்று சொல்வதில்லை. நம் முஸ்லிம் சகோதரர்களின் பள்ளிவாசல்களிலும் குடிவழி மரைக்காயர் முறை இருந்து வந்தமையைப் பெரியோர் அறிவர். பொதுக் காரியம் ஒன்றைப் பொதுமக்களே தம் கைப்பொருள் கொடுத்துத் தாங்கும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று.

ஆனால் இதே முறையிலே ஒரு வானொலி நிலையத்தை நடத்தலாம் என்று கூறினால் நம்மிற் பலர் வியப்புறுவர். "வானொலியென்றால் அரசாங்கத்தின் காரியம், அன்றேல் வியாபாரிகளின் காரியம்" என்பதே நம் மனத்திற் பதிந்த எண்ணம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பதை வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலி பிறந்த காலத்திலேயே ஒரு கேள்வியும் உடன் பிறந்தது. பத்திரிகையை வாசிப்பவன் காசு கொடுத்து வாங்குகின்றான்; நாடகம் பார்ப்பவன் சீட்டு வாங்குகின்றான். காற்றிலே வரும் ஒலிக்கு யார் விலை கொடுப்பது? இங்கிலாந்திலே 1922ஆம் ஆண்டில் பி.பி.சி. தொடங்கியபோது, வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்துச் சிலிங் கட்டி அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதித்தனர். இலங்கையிலே தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் என்பவரின் முயற்சியாற் பரீட்சார்த்த ஒலிபரப்புகள் நடைபெற்று, 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி ஒலிக்கத் தொடங்கியது. இங்கும் அனுமதிப்பத்திர முறையே வந்தது. தபாற்கந்தோரிலே பணங்கட்டித் துண்டு வாங்கிய நினைவு நம் பாட்டன்மார் பலருக்கு உண்டு. ஆனால் பணங்கட்டியவருக்கு நிலையத்தின் நிருவாகத்திலே எவ்வித வாக்கும் இருக்கவில்லை. அது வரியேயன்றிச் சந்தாவன்று.

மற்றொரு வழி விளம்பரம். ஐக்கிய அமெரிக்காவிலே சவர்க்காரக் கம்பனிகளும் பற்பசைக் கம்பனிகளும் பணங்கொடுத்தன. நிகழ்ச்சிகள் அவற்றின் விருப்பப்படி அமைந்தன. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபோது அவ்வழி நம் நாட்டிற்கும் வந்தது. அதனால் இனிய பாட்டுகள் கிடைத்தன, எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கடல் கடந்து தமிழகத்திலும் புகழ் பெற்றது. அது பெருமைக்குரியதே. எனினும், விளம்பரம் தருபவருக்குப் பிடியாத உண்மையொன்றைச் சொல்ல அங்கே இடமிருக்குமா என்ற ஐயம் எழுதல் இயல்பு.

அரசின் வழியும் வியாபாரியின் வழியும் போகாது மூன்றாவது வழியொன்றைத் தேடியவர் லூயிஸ் ஹில் என்னும் அமெரிக்கர். அவர் போரிலே கொலை செய்தல் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று கூறி, இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதம் ஏந்த மறுத்தவர். மனிதர் ஒருவரையொருவர் அறியாமையே போருக்கு வித்து என்பதும், அறிவதற்கு உரையாடல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. 1946இல் அவரும் நண்பர்களும் பசிபிக்கா என்னும் அறநிலையத்தை நிறுவினர். 1949ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆம் நாள் கலிபோர்ணியாவிலே பேர்க்ளி நகரில் கே.பி.எப்.ஏ. என்ற நிலையம் ஒலிக்கத் தொடங்கியது.

ஹில் போட்ட கணக்கு மிக எளிது. நிலையத்தின் ஒலி எட்டும் வீடுகளில் நூற்றுக்கு இரண்டு வீட்டார் ஆண்டுக்குப் பத்து டொலர் கொடுத்தாற் போதும்; நிலையம் நடக்கும். கொடாதவரும் கேட்கலாம், தடையில்லை. கேட்பதற்கு விலையாக அன்று, அக்குரல் நிலைக்கவேண்டுமென்ற விருப்பத்தினாலேயே ஒருவன் கொடுக்கின்றான். விவிலியத்திலே ஏழை விதவை ஒருத்தி இட்ட இரண்டு காசும், நம் வீடுகளிலே தாய்மார் உலையிடுமுன் எடுத்துவைக்கும் பிடியரிசியும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

கணக்கு எளிதாயினும் காரியம் எளிதாயிருக்கவில்லை. அந்நாளிலே எப்.எம். அலையை வாங்கும் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பணமின்றி நிலையம் மௌனமாயிற்று. அப்போதுதான் புதுமை நிகழ்ந்தது. நேயர்களே கூட்டங்கூட்டினர், பணந்திரட்டினர். ஃபோட் அறநிலையத்தின் நிதியும் கைகொடுத்தது. 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் நிலையம் மீண்டும் பேசியது. மௌனமான ஒன்பது மாதங்களே அந்நிலையம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தெளிவாக்கின எனலாம்.

அங்கே ஒலித்தவை யாவை? கவிதை, நாடகம், மேனாட்டுச் சங்கீதம் என்பனவற்றோடு, பிற நிலையங்கள் அஞ்சிய அரசியல் விவாதங்களும் ஒலித்தன. பொதுவுடைமையாளரும் பழைமைவாதியும் ஒரே மேசையிலிருந்து பேசினர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பின்னர் வியட்நாம் போருக்கு எதிரான குரலும் அங்கே இடம்பெற்றன. நம் மன்றத்தினர் அறியத்தக்க செய்தியொன்றும் உண்டு: 1953 முதல் அலன் வாட்ஸ் என்பவர் அந்நிலையத்திலே கீழைத்தேயச் சமயங்களைப் பற்றித் தொடர்ந்து பேசினார். வேதாந்தமும் பௌத்தமும் அமெரிக்கச் சாதாரண வீடுகளுக்குட் புகுந்த வழிகளுள் அதுவும் ஒன்று.

துணிந்து பேசியதற்குத் துன்பமும் வந்தது. 1963இல் அமெரிக்க மேற்சபையின் உட்பாதுகாப்புக் குழு பசிபிக்கா நிருவாகிகளை அழைத்து விசாரித்தது. அனுமதிப்பத்திரப் புதுப்பிப்பு நெடுநாள் இழுபட்டு 1964இலேதான் கிடைத்தது. ஹூஸ்டன் நகரிலே அவ்வமைப்பு தொடங்கிய நிலையத்தின் ஒலிபரப்புக் கருவியை 1970ஆம் ஆண்டு ஒன்றிலேயே இருமுறை குண்டு வைத்துத் தகர்த்தனர். கூ கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டத்தவன் ஒருவன் அதற்காகத் தண்டிக்கப்பட்டான். இருமுறையும் நிலையம் மீண்டெழுந்தது.

எனினும் வெளிப்பகையிலும் உட்பகை கொடிது. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, பசிபிக்காவின் மேலிட நிருவாகிகளே கே.பி.எப்.ஏ. நிலையத்தைப் பூட்டினர். நாங்கள் கொடுத்த காசில் நடக்கும் நிலையத்தை நீங்கள் எப்படிப் பூட்டலாம் என்று ஆயிரக்கணக்கான நேயர் வீதிக்கு வந்தனர். வழக்குகள் நடந்தன. முடிவிலே, சந்தா கொடுக்கும் நேயர் வாக்களித்து நிருவாகசபையைத் தெரிவுசெய்யும் புதிய விதிகள் வந்தன. அதன்பின் எல்லாம் நலமாயிற்றென்று கூறுதற்கில்லை; உட்பூசலும் கடனும் அவ்வமைப்பைப் பின்னரும் வருத்தின. ஆயினும் பாடம் ஒன்று உண்டு. மக்களிடம் பணம் வாங்கினால் மட்டும் போதாது. அவர்களுக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும், வாக்குக் கொடுக்கவும் வேண்டும். கணக்குக் காட்டாத வண்ணக்கரை ஊர் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்?

செல்வ நாட்டிலே மட்டுந்தான் இது நடக்கும் என்பாரும் உளர். அவர்கள் தென்னமெரிக்காவிலே பொலிவியா நாட்டைப் பார்க்கவேண்டும். அங்கே ஈயச் சுரங்கத் தொழிலாளர், 1940களின் இறுதி தொடங்கித் தம் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து நிலையம் பல அமைத்தனர். 1980ஆம் ஆண்டு இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, நாட்டின் ஏனைய நிலையங்கள் அடங்கிய பின்பும், சுரங்கத் தொழிலாளரின் சிறு நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, படைவீரர் வாசலுக்கு வரும்வரை செய்தி சொல்லின. அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்களின் வானொலி அது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மகாவலித் திட்டத்தினாற் பல்லாயிரவர் புதிய இடங்களிற் குடியேறியபோது, 1981இலே யுனெஸ்கோவும் டென்மார்க் அரசும் உதவ, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மகாவலி சமுதாய வானொலியைத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குச் சென்று தங்கி, குடியேறியவர்களின் பாட்டையும் கூத்தையும் முறைப்பாட்டையும் அவர்கள் குரலிலேயே பதிந்தனர். 1989இல் கொத்மலையிலே ஒரு நிலையம் எழுந்தது. 1990களின் இறுதியிலே அந்நிலையம் இணையத்தையும் துணைக்கொண்டது. கிராமத்தவர் கேள்வி அனுப்புவர், அறிவிப்பாளர் இணையத்திலே தேடி விடையை ஒலிபரப்புவார். உலக நாடுகள் பலவும் அதனை வியந்து பேசின. ஆயினும் அந்நிலையம் கூட்டுத்தாபனத்தின் கிளையேயன்றி மக்களின் உடைமையன்று. வெளிநாட்டு உதவியும் கொழும்பின் விருப்பமும் உள்ள அளவே அதன் உயிரும் இருந்தது. சமுதாய வானொலி என்ற பெயர் வந்தது. நேயரின் உரிமை வரவில்லை.

ஆயினும் அவ்வுரிமையின் விதையொன்று நம் உயர் நீதிமன்றத்திலே விதைக்கப்பட்டது. கூட்டுத்தாபனத்தின் கல்விச் சேவையிலே, நேயர்களும் கலந்து உரையாடும் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று நடைபெற்று வந்தது. 1995இலே அது திடீரென நிறுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியிற் பங்குகொண்டு வந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுவனத்தின் ஊழியரல்லர், அரசியற் பிரமுகராக வந்தவருமல்லர், நேயராகவே வந்தவர். 1996இல் நீதியரசர் மாக் பெர்னாண்டோ வழங்கிய தீர்ப்பு, பங்குகொள்ளும் நேயர் என்ற முறையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று கூறியது. அடுத்த ஆண்டு, ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய தீர்மானத்திலே அதே நீதிமன்றம், அலைகள் பொதுமக்களின் சொத்து என்ற கருத்தையும் வலியுறுத்தியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நேயன் வெறுங் காதுடையவன் அல்லன், நாவும் உடையவன் என்பது விளங்கும். வள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தவர், சொல்வன்மைக்கென இன்னோர் அதிகாரத்தையும் வகுத்தாரன்றோ?

அயல்நாடான இந்தியாவிலும் 1995இலேயே உச்ச நீதிமன்றம் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அங்கே அத்தீர்ப்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2004ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலே சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006இல் ஊர்ச் சங்கங்களும் அனுமதி பெற வழி திறந்தது. தெலுங்கானாவிலே பஸ்தாப்பூர் என்னும் சிற்றூரில், 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், வயலிலே கூலி வேலை செய்யும் தலித் பெண்கள் தம் நிலையத்தைத் தொடங்கினர். அவர்கள் அனுமதி கிடைக்கும்வரை கைகட்டியிருக்கவில்லை. பத்தாண்டுக் காலமாக நாடாவிலே பதிந்து, சங்கக் கூட்டங்களிலே போட்டுக் கேட்டுப் பழகியிருந்தனர். பாம்பனிலே 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை, மீனவருக்குக் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் அவர்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்கின்றது.

பாம்பன் மீனவருக்குள்ள கடலே நமக்கும் உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையை நினைத்துப் பாருங்கள். சுமாத்திராவுக்கு அப்பாற் பூமி அதிர்ந்தது நம் மணிப்படி ஏறக்குறைய ஏழு மணிக்கு. அலை நம் கரைக்கு வந்தது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின். அவ்வொன்றரை மணி நேரமும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் வானொலிகள் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தன. கடற்கரையை விட்டு ஓடுங்கள் என்று எமக்குச் சொல்ல ஒரு குரல் இருக்கவில்லை. அந்நாளில் இந்து சமுத்திரத்திற்கு எச்சரிக்கை முறை எதுவும் இல்லாதிருந்தது உண்மை. ஆயினும் பொத்துவிலுக்கும் அறுகங்குடாவுக்கும் கோமாரிக்கும் உரிய செய்தியைப் பொத்துவிலிலிருந்தே சொல்லும் நிலையம் ஒன்று வேண்டுமென்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுமோ? இன்று கையிலே கைத்தொலைபேசி இருக்கின்றதே என்பீர்கள். புயலிலே கோபுரம் சாய்ந்தால் அது மௌனமாகிவிடும். இரண்டு பற்றரியில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டியோ பேசும்.

நம் நாட்டிலே ஊர்ச் சங்கமொன்று தானே நிலையம் நடத்தத் தனிச்சட்டம் இன்னும் செய்யப்படவில்லை. அதனைக் கேட்பது ஒரு கடமை. ஆனால் கேட்டுக்கொண்டே இருத்தல் மட்டும் கடமையாகாது. பஸ்தாப்பூர்ப் பெண்கள் செய்ததை நாமும் செய்யலாம். நம் மன்றத்து இளைஞரும் முஸ்லிம் இளைஞர் சங்கத்தினரும் ஒன்றுகூடி, கரைவலைப் பாட்டையும், உகந்தை யாத்திரிகரின் அனுபவத்தையும், வயற்காரரின் முறைப்பாட்டையும், முதியோரின் வாய்வழி வரலாற்றையும் பதிந்து, மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்திலும் ஒருமுறை பள்ளிவாசல் முன்றலிலுமாகக் கேட்பிக்கலாம். செலவு சிறிதே. வீட்டுக்கு ஒரு சிறு தொகை. கொடுத்தவர் பெயரும் செலவான கணக்கும் பலகையிலே எழுதப்படட்டும். இரு சமூகத்தவரும் ஒருவர் துயரை ஒருவர் வாயாற் கேட்கும்போது, வதந்தியாற் பிறக்கும் பகைக்கு இடம் குறையும். லூயிஸ் ஹில் போரின் நடுவே கண்ட கனவும் இதுவே.

அவர் 1957இல், முப்பத்தெட்டாம் வயதில், மனம் நொந்து மாண்டார். அவர் தொடங்கிய நிலையமோ எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நேயர் கொடுக்கும் காசில் ஒலிக்கின்றது. தொடங்கியவர் போனாலும், தாங்குபவர் பலராயின் காரியம் நிற்கும். நம் திருவிழா தலைமுறை தலைமுறையாக நடப்பதும் அதனாலேயே. பெரியோர்கள் ஆசி கூறுக, இளைஞர்கள் முன்வருக. நம் ஊரின் குரல் நம் ஊரிலிருந்தே எழுவதாக.